உச்சிமரத்துக் கண்ணாடி

அன்புள்ள அம்மாவுக்கு, காட்டிலேயே உயரமான மரத்தின் உச்சியில் கட்டிய கண்ணாடிக் கூண்டிலிருந்து உன் மகன் குனிந்து வணங்குகிறேன். ரொம்பக் குனிந்தால் விழுந்துவிடுவேன். முழங்கால் வலி தேவலையா?

எங்கே புகை தெரிந்தாலும் கீழே இருக்கும் தீயணைப்பு ஆட்களுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வதுதான் என் வேலை. திங்கட்கிழமை வடக்கே வெள்ளையாகத் தெரிந்ததும் கத்திவிட்டேன். எல்லாரும் மூச்சிரைக்க மலையேறி ஓடினார்கள். கடைசியில் பார்த்தால், என் கூண்டின் கண்ணாடியில் வழிந்த கழுகு எச்சம்!

"இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா மூட்டையைக் கட்டிடு," என்றார் அணித் தலைவர்.

நேற்று அதே பக்கம் மறுபடியும் வெள்ளை. துணி எதுவும் அகப்படாததால் சட்டையைக் கழற்றி, கையை வெளியே நீட்டித் துடைத்தேன். கொழகொழவென்று விரலிடுக்கில் வழிந்தது, அழுகிய மீன் நாற்றம். சீ! எச்சம் போயிற்று, வெள்ளை போகவில்லை.

"அண்ணே, தீ!"

"கண்ணாடியைத் தொடச்சியாடா?"

"என் சட்டையாலயே தொடச்சேன். நாத்தம் வயர்லெஸ்ல வரலியா?"

ஓடிப்போய் அணைத்துவிட்டார்கள். வேலை பிழைத்தது, சட்டைதான் பிழைக்கவில்லை.

கண்ணாடி துடைக்கப் பழைய துணி அனுப்பு. கூடவே உன் தலையணை உறை ஒன்று. அதைத் துவைத்துவிடாதே. அது கண்ணாடிக்கு இல்லை, என் மூக்குக்கு.

சாப்பாட்டு வாளி மேலே வருகிறது, கயிறு இழுக்கணும்.

உன் மகன்