தொட்டிக்குள் வைத்த கை

வெள்ளி, இரவு.

காலையில் கணினி தானாகவே அப்டேட் ஆனது. அதன்பின் கடலட்டைக் குஞ்சுத் தொட்டிகளின் வெப்பநிலை எதுவும் திரையில் வரவில்லை. நான் மதியம் வரை வயர்களையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

தொட்டி கழுவும் பிலோமினா அக்கா வந்து நின்றார். "மிஸ், மூண்டாம் தொட்டித் தண்ணி சுடுது."

பழைய கண்ணாடி வெப்பமானியைத் தேடியெடுத்து வைத்துப் பார்த்தேன். உண்மைதான். நிழல்வலையை இழுத்துக் கட்டிவிட்டு, குளிர்ந்த கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். குஞ்சுகள் பிழைத்துவிட்டன. அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

'தொட்டிக்குள் கை வைக்கக் கூடாது' என்று போன மாதம் அவருக்காகவே எழுதி ஒட்டியவள் நான். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"கையைக் கழுவிப்போட்டுத்தான் வைச்சனான், மிஸ். குறை நினைக்காதேங்கோ."