திட்டிக்கொண்டே நட

பத்துபஸ்தி முனையில் சமோசா பொரிகிற வாசனை வந்தால் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. உடனே உன் குரல் கேட்டு நின்றுவிடுகிறது. இருந்தவரை ஒன்றைக்கூட என்னை நிம்மதியாகத் தின்னவிட்டதில்லை நீ.

கல்லூரியில் துறைத்தலைவர் பதவி எனக்கு வரவேண்டியது. என் ஜூனியருக்குப் போனது. இதை நான் மறக்கப்போவதில்லை. அந்தக் கோபத்தில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பி.பி.யை ஏற்றிக்கொண்டிருந்தவனை, உன் விலங்கியல் வகுப்பை எடுத்து முடித்த கையோடு வந்து நடக்க இழுத்தாய்.

"ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் ஒரே ஒரு அடுக்கு செல்லுதான்டா, அவ்வளவு மெல்லிசு. சும்மா அடிச்சு வச்ச பெயிண்ட்னு நினைக்காதே. நடந்தா ரத்தம் வேகமா உரசிக்கிட்டு ஓடும், அப்ப அந்த அடுக்கு ஒரு வாயுவை விடும். குழாய் தளரும், ரத்தம் கட்டாது. இதயத்துக்கு அதுதான் காவல். நீ இப்படியே கிடந்தா அதுவும் சோம்பிடும்."

"அப்ப அவனை மன்னிக்கச் சொல்றியா?"

"அரே தோஸ்த், அதெல்லாம் உனக்கு வராது. திட்டிக்கிட்டே நட. சலோ!"

அப்படித்தான் மாலைதோறும் விமான நிலையச் சுவரோரம் நடந்தோம். மூச்சு வாங்கி என் வசவு பாதியில் நின்றால், மிச்சத்தை நீ முடித்துவைப்பாய். என்னைவிட நயமாக.

ஒருமுறை பாராடாங் தீவில் ஃபெர்ரிக்குக் காத்திருந்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. வரிசையில் நின்ற வண்டிக்காரர்களிடம் இந்தியில் கத்தி வழி வாங்கி, என்னை முதல் ஃபெர்ரியில் ஏற்றினாய். கடல் தாண்டி மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தாய். அங்கே டாக்டர், "அடைப்பு பெரிசு, ஆனா இதயத் தசைக்குச் சேதம் கம்மி. தினம் நடப்பீங்களோ?" என்றார். நான் வாயைத் திறக்குமுன், "திட்டுவார் டாக்டர், நடந்துக்கிட்டே" என்றாய்.

பிறகு உன்னை மஞ்சள்காமாலை கொண்டுபோனது. இதயம் கடைசிவரை ஒழுங்காகத் துடித்ததாம். அந்த வாதத்திலும் நீதான் ஜெயித்தாய்.

போன வாரம் அந்த ஜூனியர் என் வீட்டு வாசலில் நின்றான். "சார், டாக்டர் நடக்கச் சொல்றார். தனியா போகப் பயமா இருக்கு. உங்ககூட வரட்டுமா?"

மறுக்க நல்ல வார்த்தைகள் கைவசம் இருந்தன. ஆனால் செல் அடுக்கு, வாயு, காவல் என்று நீ சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்தபோது இருவரும் தெருவில் இருந்தோம்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பக்கத்திலேயே நடக்கிறவனைத் திட்ட முடியவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் மனசுக்குள் உன்னைத் திட்டுகிறேன், எனக்கு முன்னால் போனதற்கு. அதற்கு மட்டும் வசவு தீர்வதே இல்லை.