கோயிலுக்குக் கொடுத்த மண்

1931, மே 11

துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன் என்று மகள் பூங்கனி சொன்னாள். இருக்கும். அவர் காய்ச்சலில் போனதிலிருந்து எல்லாம் இப்படித்தான்.

மத்தியானம் கொழுந்தன் ஜெயசிங் வந்தான். புது வேதக்கோயில் கட்ட நம் வயலில் செங்கல் அறுக்க வேண்டுமாம். “அண்ணன் பேரச் சொல்லி மண்ணக் காணிக்கையா குடுங்க மைனி. காலாகாலத்துக்கும் நிக்குமே!” சரி என்றேன். மாட்டேன் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டுமே.

மே 20

அறுக்கிறார்கள். பக்கத்து வயல் நேசம்மாள் அக்கா வாசலில் நின்று கத்தினாள். “ஏட்டி, மேல்மண்ணு போச்சின்னா பொறவு என்னத்த வெளையும்? பிள்ளைக்கு உள்ளது இந்த ஒரு வயலுதானே! ஒனக்கு புத்தி பெரண்டு போச்சா?”

கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 3

மழை. வேறொன்றுமில்லை.

1932, பிப்ரவரி 18

கும்பப்பூ நெல் அறுத்தாயிற்று. முக்கால்வாசி பதர். அடியில் கிடப்பது வெறும் மஞ்சள் களி, எவ்வளவு சாணம் போட்டும் பயிர் பிடிக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு பூங்கனி நாளைக்கு என்ன செய்வாள்? கேள்வி வருகிறது. அதற்குமேல் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 6

கோயில் பிரதிஷ்டை. சுவரெல்லாம் செக்கச்செவேல் என்று நல்ல அழகு. ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் ஜெயசிங், மதிலுக்கு இன்னும் ஓரடி மண் வேண்டும் என்றான். “ஆண்டவருக்குத்தானே மைனி?”

“ஒரு கூடை தரமாட்டேம்லே! அது பூங்கனிக்க மண்ணு. அவகிட்ட கேக்காமலே நான் தூக்கிக் குடுத்தாச்சு. போதும்.”

விறுவிறுவென்று நடந்துவிட்டேன். அது கோபம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

ஏப்ரல் 10, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. ஊரே கதிர்க்கட்டோடு கோயிலுக்குப் போயிற்று. எனக்குக் கொண்டுபோக என்ன இருக்கிறது? குளம் வற்றிக் கிடந்தது. நானும் பூங்கனியும் வண்டலை அள்ளிச் சுமந்து வயலில் தட்டினோம். ஞாயிற்றுக்கிழமை நான் மண்வெட்டியைத் தொட்டதே கிடையாது.

மணி அடிக்கும்போது ஜெயசிங் வரப்பில் வந்து நின்றான். “ஓய்வுநாளும் அதுவுமா! சபைய விட்டுத் தள்ளிருவாங்க மைனி.”

“தள்ளட்டும்.”

கோயிலுக்குப் போய்விட்டான். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. நாங்கள் போட்ட வண்டல் ஒரு பாய் விரிக்கும் இடத்துக்குக்கூடக் காணாது. வயல் பழையபடி ஆக எத்தனை வருஷமோ— நான் இருக்கமாட்டேன். பூங்கனி இருப்பாள்.

நாளைக்கும் போகவேண்டும்.