நடைக்கு ஒரு மூட்டை

அனுப்புநர்:
அ. சோலையப்பன்,
தோணிச் சரக்கு காண்டிராக்டர்,
கோட்டைப்பட்டினம்.

பெறுநர்:
கனம் தாசில்தார் அவர்கள்,
அறந்தாங்கி தாலுகா.

பொருள்: நான் ஆரம்பித்த தொழிலாளர் சங்கம் எனக்கே விரோதமாக வேலைநிறுத்தம் செய்தது குறித்து.

மகாகனம் பொருந்திய ஐயா,

1. எங்கள் துறையில் கருவாட்டு மூட்டைகளை இடுப்பளவுத் தண்ணீரில் சுமந்துபோய்த் தோணியில் ஏற்றுகிறவர்கள் சென்ற மாதம் சங்கம் சேர்ந்தார்கள். நடைக்கு இரண்டு மூட்டை முடியாது, ஒன்றுதான் தூக்குவோம் என்று அதன் தலைவர் சூசைராஜ், தோளில் துண்டைப் போட்டபடியே என்னிடம் சொன்னார். துண்டை எடுக்கச் சொன்னேன். துண்டையும் எடுக்கவில்லை, மறுநாள் மூட்டையையும் எடுக்கவில்லை.

2. ஆகவே நான் 'உண்மைத் தொழிலாளர் சங்கம்' ஒன்றை ஸ்தாபித்தேன். தலைவர் நானே. காரியதரிசி என் மைத்துனன் அழகுமலை. அங்கத்தினர்கள் என் சமையற்காரர், வண்டிக்காரர், மனைவி வழி உறவினர் ஒன்பது பேர். உறவினர்களில் ஒருவரும் அதற்கு முன் எத்தொழிலும் செய்தவரல்லர் என்பதை மறைக்க விரும்பவில்லை.

3. திங்கட்கிழமை இவர்களை வைத்தே நடைக்கு இரண்டு மூட்டை ஏற்றினேன். ஐந்தாம் நடையில் அழகுமலை பள்ளத்தில் கால் வைத்துக் கடலுக்குள் போனான். மூட்டைகள் மட்டும் மேலே வந்தன. எதிர்ச் சங்கத்து சூசைராஜ்தான் பாய்ந்து அவனைக் கரை சேர்த்தார். கண் விழித்ததும் அழகுமலை, "ஒத்த மூட்டைன்னா இருக்கேன் மச்சான். இல்லேன்னா அங்கிட்டுச் சங்கத்துல சேந்துக்கிறேன்" என்றான். அன்று மாலை என் சங்கத்தார் என் வீட்டிலேயே, என் காப்பியைக் குடித்துவிட்டு, வேலைநிறுத்தத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். தலைவர் என்ற முறையில் அதில் கையொப்பமிட்டேன். முதலாளி என்ற முறையில் நானே பெற்றுக்கொண்டேன்.

4. எல்லாம் சோம்பேறித்தனம் என்று நிரூபிக்க, மறுநாள் இரண்டு மூட்டையை என் தலையிலேயே ஏற்றச் சொன்னேன். இரு சங்கத்தாரும் கரையில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பத்தடி போவதற்குள் கண் இருட்டியது. "எறக்கிருங்க மொதலாளி, கழுத்து போயிரும்" என்று சூசைராஜ் இரண்டையும் தம் தலைக்கு வாங்கிக்கொண்டார். அந்தக் கழுத்து இருபது வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறது.

5. நேற்று முதல் நடைக்கு ஒரு மூட்டைதான். தோணிகள் நேரத்தில் புறப்பட்டன. ஆனால் சோலையப்பன் சங்கத்துக்குப் பயந்துவிட்டான் என்று கடைவீதியில் பேசுகிறார்கள்.

ஆகையால், நடைக்கு ஒரு மூட்டைக்கு மேல் ஏற்றவே கூடாதென்று என்னைக் கடுமையாகக் கண்டித்துத் தாங்கள் ஓர் உத்தரவு அனுப்பும்படியும், அதில் இம்மாதம் 12ந் தேதியே போடும்படியும் பணிவுடன் வேண்டுகிறேன். அதைப் படித்துவிட்டுக் கடைவீதியில் நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுவேன். அதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

கோட்டைப்பட்டினம்,
15-9-1938.

தங்கள் உத்தரவுக்குக் கட்டுப்படக் காத்திருக்கும்,
அ. சோலையப்பன்
(காண்டிராக்டர் மற்றும் சங்கத் தலைவர்)