பிள்ளைக் காம்பராவுக்காக ஒரு கேள்வி

அக்கா,

பசறைக்குப் பஸ் பிடிக்கப் போகும்போது நம் பிள்ளைக் காம்பராவிலிருந்து பால்மா காய்ச்சும் வாசனை வந்தது. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இன்னும் அங்கேதான் கைக்குழந்தைகளை விட்டுப் போகிறார்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அந்த வாசலைத் தாண்ட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தைக் கம்பெனி பொறுப்பெடுத்த நாள் நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை அழைப்பு மாதிரி, மேனேஜராக வந்த புதுத் துரைக்கு ஆரத்தி எடுத்தோம். என்ன கூத்து! ஆரத்தித் தண்ணீர் காய்வதற்குள் அவர் சொல்லிவிட்டார்: அரசாங்கத்திடம் காசில்லை, செலவைக் குறைக்க வேண்டும், இந்தக் காம்பராவை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கீழ் டிவிஷன் காம்பராவில் விடுங்கள் என்று. சங்கத் தலைவர்மார் தலையாட்டினார்கள். என் மகனுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை.

கூட்டத்தில் பெண்கள் வாய் திறக்கிற வழக்கமே இல்லை. நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

"கவர்மெண்டுக்குக் கஷ்டம், சரிங்க தொரை. ஓட்டுக்கு வந்தப்ப லயத்து வூடு வூடா ஏறி எறங்குனாங்க. தோட்டத்தக் கைமாத்துறப்ப மட்டும் ஒருத்தரும் வந்து கேக்கலயே, ஏங்க? புள்ளையத் தூக்கிக்கிட்டு கீழ போயிட்டு வந்தா கொழுந்து எப்பங்க எடுக்கிறது?"

"இவுங்களும் பொருளாதாரம் பேச வந்துட்டாங்கப்பா!" என்றார் தலைவர். ஆம்பளைகள் சிரித்தார்கள். நான் உங்கள் சேலையைப் பிடித்து இழுத்தேன். "உக்காருங்கக்கா, மானம் போவுது" என்று சொல்லி நானும் சிரித்தேன். எந்தப் பிள்ளைக்காக எழுந்தீர்களோ, அவனைப் பெற்றவள் சிரித்தேன்.

காம்பராவை மூடவில்லை. ஆனால் அதன் பிறகு கொழுந்தெடுக்க உங்களுக்கு எப்போதும் கொடுத்தது மேட்டு நிரைதான், செங்குத்தான இடம். மூச்சு வாங்க ஏறுவீர்கள். ஏன் இந்த வம்பு என்று கேட்டால், "கேட்டா என்னடி, வாயில இருக்க முத்தா உதுந்துரும்?" என்பீர்கள்.

அந்தப் பிள்ளை இப்போது கெம்பஸில் பொருளாதாரம் படிக்கிறான். நாடு மறுபடி கடனுக்கு அலைகிறது என்று ரேடியோ சொன்னபோது எனக்கு விளக்கினான்.

"நாடு நொடிச்சாத்தாம்மா சீர்திருத்தமே நடக்கும். ஒரே கட்சி ஆளுற நாட்டுல உத்தரவு போட்டா முடிஞ்சிச்சு. ஓட்டுப் போடுற நாட்டுலதான் ஆளாளுக்குக் கேள்வி கேட்டு இழுத்தடிப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அன்றைக்கு ஆம்பளைகள் சிரித்த அதே சிரிப்பு. நாட்டுக்கு ஓட்டு, தோட்டத்துக்கு உத்தரவு என்றுதானே நாம் இருந்தோம்? அந்த உத்தரவை ஒருத்தி கேள்வி கேட்டதால்தான் நீ தொட்டிலில் தூங்கினாய், நான் பேர் போட்டு, நாள் சம்பளம் வாங்கி உனக்குச் சோறு போட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் சிரிப்பு நின்றது. பிறகு கேட்டான்:

"அவுங்க எழும்பி நின்னப்ப நீ எங்கம்மா இருந்த?"

பக்கத்தில்தான் இருந்தேன் அக்கா. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.