முன்கூட்டி எழுதிய தோல்வி

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? அண்ணியைக் கேட்டதாகச் சொல். போனில் பேசப் பயமாக இருக்கிறது, அதனால்தான் கடிதம். பதினாலு வருஷமாகக் கூடைப்பந்து ஆட்டங்களைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஒருநாளும் இப்படிக் கை தவறியதில்லை.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். ஆட்டம் முடியும் முன்பே ஜெயித்ததாக ஒன்று, தோற்றதாக ஒன்று என்று இரண்டு செய்தி எழுதி வைப்போம். மணி அடித்ததும் பொருந்துவதை அனுப்புவோம். சனிக்கிழமை உங்கள் அணி பதினொரு புள்ளி முன்னால், நாலு நிமிஷம் பாக்கி. ஜெயித்ததைத் திருத்துகிற அவசரத்தில் தோற்றதை அனுப்பித் தொலைத்தேன். "ஆறு புள்ளியில் தோல்வி" என்று குத்துமதிப்பாக எழுதியது அது. அலுவலகத்தில் உடனே இணையத்தில் போட்டுவிட்டார்கள். நான் பதறி எடுக்கச் சொல்வதற்குள், துணைப் பயிற்சியாளராகிய நீ உங்கள் சிறந்த ஆட்டக்காரன் நெட்டையனை அடிபட்டுவிட்டதென்று சொல்லி வெளியே உட்கார வைத்தாய். அணி சரியாக ஆறு புள்ளியில் தோற்றது!

அன்றிலிருந்து ஒரு ஆள் போன் செய்கிறான். "உனக்கு யாரு சொன்னா?" அவ்வளவுதான் கேட்கிறான், வைத்துவிடுகிறான். நேற்று வாசலில் கிடந்த என் செருப்பை யாரோ ஜோடியாகக் கதவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள்.

நான் உன் தங்கை என்பதால் உன் பெயரும் அடிபடுமே என்பதுதான் பெரிய பயம். ஜாக்கிரதையாக இரு.

உன் வாலு

மார்ச் 8

வாலுக்கு,

சரியான பயந்தாங்கொள்ளி நீ. கரப்பான்பூச்சிக்குப் பயந்து அலமாரி மேல் ஏறியவள்தானே! உன் அண்ணியும் விசாரித்தாள். வேளைக்குச் சாப்பிடு.

இனி அந்தப் போன் வராது. உனக்கு ஒன்றும் தெரியாது, கை தவறிய வேலைதான் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லிவிட்டேன். நம்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் வேறு ஆட்டம் எதையாவது எழுது. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

அண்ணன்

மார்ச் 12

அண்ணா,

நீ சொன்னபடியே போன் நின்றுவிட்டது. அதுதான் என்னைக் கொல்கிறது.

ஒரு ஆள் என்றுதான் எழுதினேன். அவன் யாரென்று எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்தது? நீ சொன்னால் கேட்டுக்கொள்கிற 'அவர்கள்' யார்? என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். நெட்டையனுக்கு அன்று அடிபடவே இல்லை. ஆறு புள்ளியில் தோற்க வேண்டுமென்று பந்தயக்காரர்களோடு முன்பே பேசி வைத்திருந்தாயா? போன வாரம் உனக்காகப் பயந்தேன். இப்போது உன்னைப் பார்த்தே பயப்படுகிறேன். இதை எழுதவே கை கூசுகிறது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. வழக்கம்போல இரண்டு செய்தி எழுதி வைத்திருக்கிறேன். நீயே முன்வந்து ஒப்புக்கொண்டதாக ஒன்று, நான் உன்னைக் காட்டிக்கொடுத்ததாக ஒன்று. இருபதாம் தேதி மதியம் மூன்று மணிக்கு ஆசிரியர் மேஜையில் ஒன்றை வைப்பேன்.

முதலாவதை வைக்கிற மாதிரி செய் அண்ணா, கெஞ்சிக் கேட்கிறேன். இந்த முறை எனக்குக் கை தவறாது.

தங்கை