கொப்பரையில் கழன்ற கடா

தேத்வா, மே 4

அன்பு மகன் மிலோஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், ஐந்து கோழிகள், என் முழங்கால் வலி எல்லோரும் சௌக்கியம். நார்வேயில் நீயும் நீ வெட்டும் மீன்களும் சௌக்கியமா? மீன்கள் சௌக்கியமாக இருக்க வழியில்லை, நீயாவது இரு. ஈஸ்டருக்கு நீ வராததால் பன்றித்தொடை முழுவதையும் நானே தின்று முடிக்க ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் எலும்போடு பேச ஆரம்பித்துவிட்டேன், அதுவும் உன்னைப் போலத்தான், பதிலே சொல்லவில்லை.

அப்பா போன பிறகு இந்த வீட்டில் சாயங்காலமானால் கடிகாரம் மட்டும்தான் பேசுகிறது. அதனால் பிப்ரவரியில் ஊர் மன்றத்தில் தோல்வேலை, மரச்செதுக்கு வகுப்பு என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துச் சேர்ந்துவிட்டேன். சொல்லிக்கொடுப்பவள் ஸ்லாவ்கா, இருபத்தாறு வயது, உன்னைவிடச் சின்னவள், அத்தை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டே அதட்டுவாள். முதலில் தோல். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றும் விட்டு இழுக்க வேண்டும். முப்பது வருடம் கிழிசல் தைத்தவள் என்று மிதப்பாகப் போனேன், முதல் நாளே என் விரலையும் சேர்த்துத் தைக்கப் பார்த்தேன். உனக்கு ஒரு பெல்ட் செய்தேன். துளை போடும்போதுதான் உன் இடுப்பு இப்போது எவ்வளவு என்று எனக்குத் தெரியாதது தெரிந்தது. உன்னை நேரில் பார்க்காத இந்த மூன்று வருடத்தில் மெலிந்தாயா, தொப்பை வைத்தாயா? போட்டோவில் எப்போதும் மழைக்கோட்டுதான். எதற்கும் இருக்கட்டும் என்று பதினான்கு துளை போட்டேன். இது பெல்ட் இல்லை, சல்லடை என்றார் பக்கத்தில் உட்காரும் தபால்காரர் ஒந்த்ரெய்.

பிறகு மரம். ஆட்டுக்கிடையில் சீஸ் எடுத்தபின் மிஞ்சும் பால்தெளிவை மொண்டு குடிக்கும் கைப்பிடிக் கோப்பை இருக்கிறதே, அது. கைப்பிடியில் நான் செதுக்கியது ஆட்டுக்கடா, பார்த்தவர்கள் எல்லோரும் நாய் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். கொம்பை வளைக்கப் போய் மரத்தின் ரேகைக்குக் குறுக்கே கத்தியை ஓட்டினேன், கைப்பிடி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் டப்பாவில் இருந்த எலும்புப் பசையால் ஒட்டி, விரிசலில் மரத்தூளைத் தேய்த்து, மறுநாள் ஒன்றும் தெரியாத முகத்தோடு மற்றவர்கள் கோப்பைகளுக்கு நடுவே வைத்தேன். செதுக்கி முடித்த கோப்பையை நிறம் ஏறுவதற்காகப் பால்தெளிவில் போட்டு வேகவைப்பார்கள் என்பது, இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு, அந்த நேரம் ஞாபகம் வரவில்லை பார். போன சனிக்கிழமை ஸ்லாவ்கா எங்களைக் கிடைக்கு அழைத்துப்போனாள். கொப்பரையில் பதினோரு கோப்பைகள் கொதித்தன, கால் மணி நேரத்தில் சூட்டில் பசை இளகி என் கடா மட்டும் தனியாக நீந்தி வந்தது. ஒந்த்ரெய் அதைக் கரண்டியால் தூக்கி, பொஷெனா, உன் நாய் அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது என்றார். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். ஸ்லாவ்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், “அத்தை, உடைஞ்சா உடைஞ்சுச்சுன்னு சொல்லுங்க, தோல் வார் போட்டு இறுக்கிக் கட்டிடலாம். நீங்க சிரிக்கிறதைப் பாத்தாதான் எனக்குப் பயமா இருக்கு” என்றாள். திரும்பும் வழியெல்லாம் நான் யாரையும் கேலி செய்யவில்லை, உடம்புக்கு என்ன என்று ஒந்த்ரெய் இரண்டு தடவை கேட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அங்கேயே வீடு வாங்கப்போகிறாய், திரும்பி வரும் எண்ணமில்லை என்று உன் சிநேகிதன் துஷானின் அம்மா ரொட்டிக்கடையில் வைத்துச் சொன்னாள். எனக்குத் தெரியுமே என்று சொல்லிவிட்டு ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய், நான்கு தடவையும் நான் மீனைப் பற்றித்தான் பேசினேன். இப்போது ஸ்லாவ்காவுக்கு ஜூனிலிருந்து தங்க இடம் வேண்டும், உன் அறையைக் கேட்கிறாள். வீட்டில் இன்னொரு காலடிச் சத்தம் கேட்டால் எனக்கும் நல்லதுதான். ஆனால் நீ வருவதாக இருந்தால் அந்தக் கட்டிலை யாருக்கும் தரமாட்டேன். வரவில்லை என்றால் அதையும் சொல்லு, கோபப்படமாட்டேன், ஒருநாள் அழுவேன், மறுநாள் அவளுக்குப் படுக்கை விரிப்பேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை மிலோஷ்.

வேலையில் கத்தி கவனம், கையுறையை இரட்டையாகப் போடு, குளிருக்குக் குடிக்கிறேன் என்று தினமும் குடிக்காதே. கடவுளும் கன்னி மரியாளும் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். அங்கே உனக்கென்று ஒருத்தி இருந்தால் அவளுக்கும் என் ஆசீர்வாதம், இல்லையென்றால் அதை நீயே வைத்துக்கொள். பதிலை மட்டும் போனில் சொல்லாதே. போனில் நான் கேலி செய்வேன், நீ சிரிப்பாய், இரண்டு பேரும் வைத்துவிடுவோம். எழுதி அனுப்பு, ஒரு வரி போதும். அதை நான் உன் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா
பொஷெனா